கச்சான் சரைக்குள் இருந்த கணக்கு

நல்லூர்த் திருவிழா முடிகிற கிழமையில் பாலர் பாடசாலை நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. 25 நாள் திருவிழா. 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். அதைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளின் தலைக்குள் ஒரு கிழமைக்காவது தேர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வருடம் நான் 'ம' படிப்பிப்பதற்கு மாம்பழம், மயில், மரம் என்று படங்கள் வெட்டி வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் வந்த கையோடு கதிரைகளை இழுத்து ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள். கொடிக்கயிறு தேர்வடமாகிவிட்டது. ஒருவன் நிலத்தில் உருண்டு பிரதட்டை பண்ணினான். நாலு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மூலையில் பாயை விரித்து, "கச்சான், கச்சான்" என்று கூவத் தொடங்கினாள்.

"எல்லாரும் வந்து இருங்கோ, பாடம் தொடங்கப்போறம்" என்று சத்தம் போட்டிருக்க வேண்டியவள் நான். அன்று போடவில்லை. அதற்குப் பின்னால் கல்வித் தத்துவம் எதுவும் இல்லை. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அதனால் பார்த்துக்கொண்டு இருந்தேன். கடைக்காரியிடம் கச்சான் இல்லை. புளியங்கொட்டைப் பேணியை எடுத்து வந்தாள். இனிச் சரை வேண்டும். பழைய பேப்பரைக் கிழித்துச் சுருட்டினாள். கொட்டையைப் போட்டதும் அடியால் எல்லாம் கொட்டுப்பட்டது. இன்னும் இறுக்கிச் சுருட்டினாள், மேல்வாய் மூடிக்கொண்டது. மூன்றாம் தரம் நுனியை விரலால் பொத்திப் பிடித்தாள். கொட்டை நின்றது, ஆனால் விற்பதற்கு ஒரு கை குறைந்துபோனது. எழும்பிப் போய் நானே சுருட்டிக் கொடுக்கக் கை துடித்தது. போகவில்லை. கொஞ்ச நேரத்தில் நுனியை மேல்நோக்கி மடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. வியாபார நேரத்தில் எந்தக் கடைக்காரி சிரிப்பாள்?

பிறகு ஆட்கள் வந்தார்கள். "பெரிய சரை நூறு ரூபா, சின்னன் அம்பது." பெரிய சரைக்கும் சின்னச் சரைக்கும் ஒரேயளவு கொட்டைதான் போடுகிறாள் என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். இரண்டையும் பாயில் கொட்டி எண்ணினார்கள். பத்துக்கு மேல் எண்ணிக்கை தடுமாறியது. அதனால் ஒவ்வொரு கொட்டைக்கும் எதிரே ஒரு கொட்டையாக அடுக்கிப் பார்த்தார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்றபோதுதான் என்னிடம் வந்தாள்: "ரீச்சர், கச்சான் எப்பிடி எழுதுறது?"

நான் கொண்டுவந்தது 'ம'. அவளுக்குத் தேவைப்பட்டது 'க'.

இதற்கு என்ன பெயர்?

முன்பிள்ளைப் பருவக் கல்வியில் இதைப் பிள்ளை வழிகாட்டும் தேடல் என்பார்கள். எதைப் பற்றி, எந்தப் பொருளை வைத்து, எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். பெரியவர் இடத்தையும் பொருளையும் நேரத்தையும் ஆயத்தம் செய்துவிட்டுப் பக்கத்தில் இருப்பார். தேவை வரும்போது ஒரு கேள்வி கேட்பார், அல்லது ஒரு பொருளை நகர்த்தி வைப்பார். ஆக்க வெளிப்பாடு என்பது இதோடு ஒட்டிப் பிறந்தது. கண்டதை, நினைத்ததை, பயந்ததைப் பிள்ளை தனக்கு இயன்ற வழியால் வெளியே கொண்டுவருவது அது. வரைவது, களிமண் பிசைவது, கட்டுவது, ஆடுவது, வேறு ஆளாக மாறி நடிப்பது எல்லாம் அதில் அடங்கும். சரை சுருட்டும்போது அந்தப் பிள்ளை தேடிக்கொண்டிருந்தாள், கூவும்போது வெளிப்படுத்திக்கொண்டிருந்தாள். இரண்டையும் பிரித்துப் பேசுவது பெரியவர்களான எங்கள் வசதிக்குத்தான்.

"அப்ப பிள்ளையள் விரும்பினதைச் செய்யட்டும் எண்டு விடுறதோ, ரீச்சர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடுவது வேறு, இது வேறு. பாயும் பேப்பரும் புளியங்கொட்டைப் பேணியும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்ததால்தான் அந்தக் கடை முளைத்தது. அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தால் முளைத்திருக்காது. மறுநாள் நான் வேண்டுமென்றே ஒரு சுண்டைக் கொண்டுபோய்ப் பாயின் ஓரத்தில் வைத்தேன். "ஆளுக்காள் ஒரேயளவாய்க் குடுக்கிறதெண்டால் என்ன செய்யலாம்?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டேன். சண்டை அளவையாக மாறியது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி (1896–1934) இதைத்தான் விளக்கினார்: பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும், பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் செய்யக்கூடியதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, கற்பித்தல் நடக்க வேண்டிய இடம் அதுதான். சுண்டை வைத்தது அந்த இடைவெளிக்குள். நானே அளந்து கொடுத்திருந்தால் இடைவெளியை அடைத்துவிட்டிருப்பேன்.

பிள்ளையின் விருப்பத்துக்கு விடவே கூடாத விசயங்களும் இருக்கின்றன. கட்டுக் குறைந்த கிணறு, றோட்டு, அடுப்பு, அடுத்த பிள்ளைக்கு அடிப்பது. இவற்றில் தேடல் கீடல் என்று ஒன்றும் இல்லை.

எங்கிருந்து வந்தது?

1837இல் ஜேர்மனியில் பிரீட்ரிக் புரோபல் சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குப் பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை வைத்தார். விளையாட்டைப் பாடசாலை வாசலுக்கு உள்ளே எடுத்தவர்களில் அவர் முன்னோடி. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மொண்டிசோரி தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கையிலும் விரிவுரைகள் நடத்தினார். எங்கள் பக்கத்தில் 'மொண்டிசோரி' என்று பலகை தொங்கும் இடங்களுக்குக் குறைவில்லை. உள்ளே போனால் முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஏ, பி, சி சொல்லிக்கொண்டிருப்பார்கள். பலகையில் உள்ள அந்த அம்மா, பிள்ளை தன் வேலையைத் தானே தெரிந்தெடுக்க வேண்டும் என்று சொன்னவர்.

எனக்கு நெருக்கமான கதை வேறொன்று. 1945 வசந்தகாலம், போர் முடிந்த கையோடு, இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகருக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்ற கிராமம். ஜேர்மன் படை பின்வாங்கும்போது விட்டுவிட்டுப் போன ஒரு போர்த் தாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை கட்டுவதென்று ஊர்ச்சனம் தீர்மானித்தது. குண்டு விழுந்த வீடுகளின் செங்கல், ஆற்று மணல், இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உடல் உழைப்பு. இதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி, பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த வேலையிலேயே நின்றுவிட்டார். 1963இல் நகரசபை தன் முதல் பாலர் பாடசாலையைத் திறந்தது. இன்று ரெஜியோ எமிலியா முறை என்று உலகம் சொல்வது இந்தச் செங்கற்களிலிருந்து வந்தது. இடிந்த வீட்டுக் கல்லைத் துப்புரவாக்கி மறுபடி அடுக்கிய அனுபவம் உள்ள ஊர்க்காரருக்கு இதை நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைக்கு நூறு மொழிகள் உண்டு என்றார் மலகுட்சி. பேச்சும் எழுத்தும் அதில் இரண்டுதான். கோடு, நிறம், களிமண், நிழல், தாளம், உடல் எல்லாம் மொழிகள். அவர்களின் பாடசாலைகளில் ஓவியப் பட்டறைக்கென்று ஓர் அறை இருக்கும்; கலை தெரிந்த ஒருவர் அங்கே பிள்ளைகளோடு வேலை செய்வார். வகுப்பறையின் சூழலையே இன்னோர் ஆசிரியராகக் கருதுவார்கள். எங்களிடம் தனி அறைக்கு இடம் ஏது? ஒரு மாமரமும் கூட்டிய முற்றமும் இருக்கிறது. அது போதாதென்று நான் நினைக்கவில்லை.

இருபத்திரண்டு வண்ணத்துப்பூச்சி

கலைவிழா நாட்களில் சுவரைப் பாருங்கள். இருபத்திரண்டு வண்ணத்துப்பூச்சி, எல்லாம் ஒரே அச்சு, ஒரே இடத்தில் மஞ்சள், ஒரே இடத்தில் சிவப்பு. ரீச்சர் வெட்டினார், ரீச்சர் ஒட்டினார், பிள்ளை நடுவில் ஒரு பொட்டு வைத்தது. பார்க்க வடிவுதான். ஆனால் அந்த இருபத்திரண்டில் எந்தப் பிள்ளையின் நினைப்பும் இல்லை. நானும் வருடக்கணக்காக இப்படித்தான் சுவர் நிரப்பினேன்.

பிள்ளைகளின் கிறுக்கலுக்கு ஒரு வளர்ச்சி முறை இருக்கிறது. அமெரிக்கரான ரோடா கெலொக் பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் இலட்சக்கணக்கான படங்களைச் சேர்த்துப் பார்த்து, 20 அடிப்படைக் கிறுக்கல்களை இனங்கண்டார். புள்ளி, நேர்க்கோடு, வளைவு, சுழி, மூடாத வட்டம் என்று அவை போகும். முதலில் கை ஓடுகிற சந்தோசம் மட்டும். பிறகு வட்டம் மூடும். மூன்று, நாலு வயதளவில் வட்டத்துக்குக் கண் வரும். அந்த வட்டத்திலிருந்தே நேரே இரண்டு கால் இறங்கும். வயிறு இல்லை, கழுத்து இல்லை. அதுதான் அம்மா. இதைப் பிழை என்று திருத்துவது, தவழும் பிள்ளைக்கு நடை சரியில்லை என்று சொல்வதற்குச் சமம்.

ஒருநாள் ஐந்து வயதுப் பையன் ஒருவன் தாள் முழுக்கக் கறுப்புத் தீட்டி வைத்தான். மூலை முடுக்கு விடாமல் கறுப்பு. கூட்டிப்போக வந்த தாய் பயந்துபோனார். எங்கள் தலைமுறைக்குக் கறுப்பென்றால் உடனே பழைய நினைவுகள்தான் ஓடி வரும். பிள்ளையின் மனதில் ஏதோ இருக்கிறதென்று முடிவுகட்டிவிடுவோம். நான் பக்கத்தில் குந்தி, "இதைப் பற்றிச் சொல்லுங்கோ ராசா" என்றேன். "கறண்ட் போட்டுது" என்றான். பிறகு ஒரு மூலையைத் தொட்டுக் காட்டி, "இதிலை அம்மம்மா நெருப்புப்பெட்டி தேடுறா."

"இது என்ன?" என்று கேட்டிருந்தால் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, நான் எதிர்பார்க்கிற ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும். "சொல்லுங்கோ" என்றதால் அம்மம்மா வந்தார். "நல்லா இருக்கு, கெட்டிக்காரன்" என்று சொல்வதையும் நான் இப்போது குறைத்துவிட்டேன். அதற்குப் பதிலாகக் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்: "கறுப்பு நல்லாய் அழுத்தித் தீட்டியிருக்கிறீங்கள்", "இந்தக் கோடு கடைசி வரைக்கும் போகுது." கவனித்திருக்கிறேன் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும், புள்ளி போடத் தேவையில்லை.

புள்ளி, பரிசு, சேர்டிபிக்கேற் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் அவரோடு இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் வரைவதை ஏற்கெனவே விரும்பிச் செய்த 51 பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு ஒன்றுமில்லை. ஓரிரு கிழமை கழித்து வர்ணப் பேனைகளைச் சும்மா மேசையில் வைத்துப் பார்த்தபோது, பரிசு எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவழித்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வரைவதில் செலவழித்தார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. நாங்களோ மூன்றரை வயதுப் பிள்ளையைச் சித்திரப் போட்டிக்கு அனுப்பி, மூன்றாம் இடம் என்று வீட்டில் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறோம்.

நடிப்பும் இதே கதைதான். கலைவிழா மேடையில் பிள்ளை தப்பாமல் ஒப்புவிக்கும் மூன்று வரி வசனத்தில் பிள்ளையின் பங்கு மனப்பாடம் மட்டும். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் சிறுவர் அரங்கை வளர்த்த ஊர் இது. 1978இல் அவர் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி இங்கே யாழ்ப்பாணத்தில்தான் இயங்கியது. விளையாட்டிலிருந்து நாடகம் எப்படி வரும் என்பதை நாங்கள் வெளியூரில் போய்ப் படித்து வரவேண்டியதில்லை.

குரும்பட்டித் தேர்

இனிச் சாமான்கள். பிரித்தானியரான சைமன் நிக்கல்சன் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஓரிடத்தில் எவ்வளவு அதிகமான, எவ்வளவு விதமான உதிரிப் பொருட்கள் அசைக்கவும் மாற்றவும் கிடைக்கின்றனவோ, அவ்வளவுக்கு அங்கே புதிதாக ஆக்கும் வாய்ப்பும் கூடும். பொத்தானை அழுத்தினால் பாட்டுப் படிக்கும் பிளாஸ்ரிக் கார் ஒரே ஒரு வேலை செய்யும். ஒரு சிரட்டை சட்டியாகும், தொப்பியாகும், ஆமையாகும், மணல் அளக்கும்.

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றில் இந்த உதிரிப் பொருட்களுக்குப் பஞ்சமே இல்லை. சிரட்டை, பன்னாடை, ஊமல், பூவரசம் இலை, நுங்கு குடித்தபின் மிஞ்சும் கோம்பை, கடற்கரைச் சோகி, சிப்பி. எல்லாவற்றுக்கும் மேலே குரும்பட்டி. தென்னையிலிருந்து உதிர்ந்த பிஞ்சுகளைப் பொறுக்கி, ஈர்க்கை முறித்துக் குத்திக் குத்தித் தேர் கட்டாத பிள்ளை எங்கள் காலத்தில் இல்லை. ஈர்க்கு ஒன்று நீண்டால் தேர் சரியும். சமமாக முறிக்க வேண்டும். கீழே கனம் கூட, மேலே குறைய. காய்ந்த குரும்பட்டி வெடிக்கும், பச்சை தாங்கும். சமநிலை, அளவு, சமச்சீர் என்று தரம் ஆறில் பெயர் வைத்துப் படிப்பிப்பதைக் கை ஐந்து வயதில் கண்டுபிடித்துவிடும். இதை எங்கள் அம்மம்மாமார் முறை என்றோ கோட்பாடு என்றோ அழைக்கவில்லை, "வெயிலுக்கை நில்லாமல் நிழலுக்கை இருந்து விளையாடு" என்று மட்டும் சொன்னார்கள்.

ஓர் எச்சரிக்கை. வேலியோரத்து மஞ்சள் அலரிக்கொட்டையும் கறுப்பும் சிவப்புமான குன்றிமணியும் நஞ்சு. வடிவாக இருக்கிறதென்று கூடைக்குள் சேர்த்துவிடாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை, சோகி போன்ற சின்னச் சாமான்கள் வேண்டாம். நாலு வயதென்றாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

எழுத்து எப்ப வரும்?

இந்தக் கேள்வி எப்படியும் வரும். "எல்லாம் சரி ரீச்சர், பிள்ளை தரம் ஒண்டுக்குப் போய் எழுதத் தெரியாமல் நிண்டால்?" பின்னாலே தரம் ஐந்து புலமைப்பரிசில் நிழல் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தமே தரம் 1, 2 இல் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கு முதலிடமும், செயற்பாட்டுக்கு அடுத்த இடமும், மேசை வேலைக்குக் கடைசி இடமும் கொடுத்தது. தரம் ஒன்றுக்கே அப்படியென்றால், அதற்கும் கீழே மூன்று வயதில் நாலுகோட்டுக் கொப்பி எதற்கு?

பென்சில் பிடிக்கும் விரல்கள் வேறெங்கோ ஆயத்தமாகின்றன. சரை சுருட்டும்போதும், ஈர்க்கு குத்தும்போதும், களிமண் உருட்டும்போதும் பலப்படுவது அதே தசைகள்தான். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிறோம். அருமையான சடங்கு. பிள்ளைக்கு அதில் மிகவும் பிடித்தது அரிசி விரலுக்கடியில் விலகிப்போவதுதான் என்று நினைக்கிறேன், பல பிள்ளைகள் எழுத்து முடிந்த பிறகும் கையை எடுக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு தட்டில் குருத்துமணல் பரப்பிக் கொடுத்துவிட்டு, இந்தமுறை விரலைப் பிடிக்காமல் இருந்து பாருங்கள்.

வீட்டில் தொடங்குவதற்குக் காசு தேவையில்லை. ஒரு கடகத்தில் ஆறேழு விதமான சாமான், பின்பக்கம் வெறுமையான தாள்கள், போன் இல்லாத அரை மணித்தியாலம். பிள்ளை "அலுப்பாய் இருக்கு" என்று சொன்னால் உடனே யோசனை சொல்லாதீர்கள். அலுப்புக்குப் பின்னால்தான் பெரும்பாலும் விளையாட்டு தொடங்கும். பாலர் பாடசாலை நடத்துபவர்கள் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே, திகதியோடு, இரண்டு வரி எழுதுங்கள். "இதிலை அம்மம்மா நெருப்புப்பெட்டி தேடுறா" என்ற வரியை அந்தக் கறுப்புப் படத்துக்குக் கீழே ஒட்டியபோது அந்தத் தாயின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சுவரில் அந்தப் படத்துக்கு இடம் கிடைத்தது. பேஸ்புக்கில் போடவில்லை, பிள்ளையின் படம் பிள்ளையின் சொத்து.

எல்லா நாளும் இப்படி நடக்கிறதென்று நான் சொன்னால் பொய். முப்பது பிள்ளை, இரண்டு பேர், மழைநாள் என்றால் நானும் பாட்டுப் படிப்பித்து நேரத்தைக் கடத்துகிறேன். சில பிள்ளைகள் தாமாக எதையும் தொட மாட்டார்கள், "என்ன செய்யிறது ரீச்சர்?" என்று நின்றுகொண்டே இருப்பார்கள், வீட்டில் எப்போதும் யாராவது சொல்லிக்கொடுத்துப் பழக்கியிருப்பார்கள். அவர்களைச் சும்மா விட்டால் தவித்துப்போவார்கள். முதலில் பக்கத்தில் இருந்து நானும் களிமண் உருட்டுவேன், எதுவும் சொல்லாமல். சிலருக்கு ஒரு கிழமை, சிலருக்கு ஒரு தவணை.

கச்சான் கடை ஒன்பது நாள் நடந்தது. பெயர்ப்பலகையில் 'க' திரும்பி நின்றது, 'ச்' இல்லவே இல்லை, ஆனால் வாசிக்கத் தெரியாத எல்லாரும் அதைச் சரியாக வாசித்தார்கள். பத்தாம் நாள் நான் பெரிய ஆயத்தத்தோடு போனேன்: தராசு, உண்மையான கச்சான், விளையாட்டுக் காசு. கடைக்காரி அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாயில் இப்போது ஆஸ்பத்திரி. மிஞ்சிய சரைகள் எல்லாம் ஊசியாகியிருந்தன. முதல் நோயாளியாக என்னைப் பிடித்து இருத்தி, "வாயைத் திறவுங்கோ" என்றாள். திறந்தேன். தொண்டை இன்னும் மாறவில்லை என்று சொல்லி, ஒரு ஊசிக்கு இரண்டு ஊசியாகப் போட்டாள்.